தீர விசாரிப்பதே மெய்: வன்னியைப் பற்றிய சில படங்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)

இத்தொடரில் நாவல், சிறுகதை, கவிதை ஆகிய துறைகளைப் பற்றி இதுவரை பேசிவந்தோம். திரைப்படமும் விவரணப்படமும் இலக்கியத் தொடர் ஒன்றில் இடம்பெறலாமா என்று நேயர்கள் சிலர் ஐயுறக்கூடும். இடம்பெற வேண்டும் என்பதே எனது அபிப்பிராயம். வன்னிப் பெருநிலப்பரப்பில் 2009 வரை நடந்தவற்றை வெளியுலகம் பெரும்பாலும் படங்கள் வாயிலாகவே அறிந்துகொண்டது. நூல்கள் பின்னர்தான் வந்தன. ஆகவே எங்களைப் பற்றி உலகம் வைத்திருக்கும் எண்ணத்தில் பெரும்பகுதியை வகுத்தவர்கள் ஒளிப்பதிவாளர்களும் படத்தொகுப்பாளர்களுமே. அவர்கள் செய்ததை நாம் வாசிக்கத் தெரிந்திருப்பது அவசியம். ஒரு கவிதையை வரிவரியாக வாசிப்பதுபோல ஒரு படத்தையும் காட்சி காட்சியாக வாசிக்கலாம்.

1990 இன் பின்னர் மின்சாரம் அற்றுப்போன வடக்கில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட தலைமுறைக்கு 'உரைச்சித்திரம்' என்ற சொல் புதியதன்று. உண்மையான ஆட்களின் குரல், இடத்தின் ஓசை, நடுவே ஓர் அறிவிப்பாளரின் விளக்கம் ஆகிய மூன்றையும் கோத்துச் செய்வது உரைச்சித்திரம். விவரணப்படம் அதற்கு உடன்பிறப்பு. காதுக்குரியது கண்ணுக்கும் உரியதாகிறது. ஆனால் கண் சேர்ந்தவுடன் ஒரு புதிய சிக்கலும் சேர்ந்துவிடுகிறது. காதால் கேட்பதைச் சந்தேகிக்கும் மனிதர், கண்ணால் கண்டதை இலகுவில் நம்பிவிடுகின்றனர். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது விவரணப்படங்களைப் பார்ப்பவர்களுக்கென்றே சொன்னது போல இருக்கிறது.

விவரணப்படம் என்பது என்ன?

1926 இல் ஜோன் கிரியேர்சன் என்ற ஸ்கொட்லாந்து விமர்சகர், ரொபர்ட் பிளாஹெர்ட்டியின் 'மோவானா' என்ற படத்தைப் பற்றி எழுதியபோது, அப்படத்துக்கு ஆவண மதிப்பு உண்டு என்றார். இவ்வகைப் படங்களுக்கு ஆவணப்படம் என்ற பெயர் வழங்கியது அதிலிருந்துதான். பின்னாளில் அவரே அதற்கு ஒரு வரைவிலக்கணமும் தந்தார். நடப்பியலை ஆக்கபூர்வமாகக் கையாள்வதே ஆவணப்படம் என்பது அதன் சாரம். 'நடப்பியல்' என்ற சொல்லை எல்லோரும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். 'ஆக்கபூர்வமாக' என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

பிளாஹெர்ட்டி 1922 இல் எடுத்த 'நானூக் ஒஃப் த நோர்த்' முதற்பெரும் விவரணப்படம் எனப் போற்றப்படுவது. அதில் வடதுருவ மக்கள் ஈட்டி கொண்டு வால்ரஸ் விலங்கை வேட்டையாடுகிறார்கள். உண்மையில் அக்காலத்தில் அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. பழைய முறையில் வேட்டையாடும்படி நெறியாளர் கேட்டுக்கொண்டார். பனிவீட்டின் உட்புறத்தைப் படம்பிடிக்க வெளிச்சம் போதாமையால் பாதி வெட்டப்பட்ட பனிவீடு ஒன்றைக் கட்டி, அதற்குள் அவர்களைப் படுக்க வைத்தார். இதனால் அப்படம் பொய்யாகிவிடுமா? குளிர் மெய். பசி மெய். அந்த மனிதர்களும் மெய்யானவர்களே. ஆனால் நாம் பார்ப்பது ஒருவர் தெரிந்தெடுத்து ஒழுங்குபடுத்தித் தந்த மெய் என்பதை மறக்கலாகாது.

எமது நாட்டுக்கு இக்கலை வந்த விதமும் கவனிக்கத்தக்கது. 1934 இல் பசில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' உலக விவரணப்பட வரலாற்றில் இடம்பெற்ற படைப்பு. அதற்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. லயனல் வென்ட் குரல் கொடுத்தார். அவர் வாசித்தது ரொபர்ட் நொக்ஸ் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய நூலின் பகுதிகளை. நொக்ஸ் 1679 இல் கண்டியிலிருந்து தப்பி அரிப்புக்குப் போனது வன்னிக் காடுகளின் ஊடாகத்தான். அப்படத்தின் ஒரு பகுதியில், உழைக்கும் மக்களின் காட்சிகளுக்கு மேலாக வணிகச் சந்தையின் விலைக் குரல்கள் ஒலிக்கின்றன. தேயிலை விற்பவரின் பணத்தில் எடுத்த படத்திலேயே உழைப்பவரின் உடலையும் வணிகரின் குரலையும் ரைட் எதிரெதிரே நிறுத்திவிட்டார். காட்சி ஒன்று சொல்ல ஒலி வேறொன்று சொல்லும் இந்த உத்தியை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னர் இதற்கு வருவோம்.

1948 இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது. அங்கு பணியாற்றிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1954 இல் வரண்ட வலயத்தில் மலேரியாவை ஒழித்த கதையை ஒரு குறும்படமாக எடுத்தார். இரண்டு ஆண்டுகளின் பின் 'ரேகாவ' மூலம் சிங்களத் திரைப்படத்தையே திசைதிருப்பப்போகும் கலைஞரின் கை அதிலேயே தெரிகிறது. எனினும், வரண்ட வலயத்து மனிதர் அவ்வகைப் படங்களில் தாமாகப் பேசுவது அரிது. அவர்களைப் பற்றி வேறொருவர் பேசுவார். விவரணப்படம் எங்கள் நாட்டில் அரசின் குரலாகவே பிறந்தது என்று சொல்வது மிகையாகாது.

ஆகவே எந்த விவரணப்படத்தைப் பார்க்கும்போதும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. கமெராவைப் பிடித்தவர் யார்? பணம் தந்தவர் யார்? காட்சிக்கு மேலாக ஒலிக்கும் குரல் யாருடையது?

ஒரே கடற்கரை, இரண்டு படங்கள்

இக்கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு, கலம் மக்ரே நெறிப்படுத்தி 2013 இல் வெளிவந்த 'நோ பயர் ஸோன்' படத்துக்கு வருவோம். சனல் 4 தொலைக்காட்சி 2011 ஜூன் மாதத்தில் ஒளிபரப்பிய 'இலங்கையின் கொலைக்களங்கள்' நிகழ்ச்சியின் தொடர்ச்சியாக எழுந்த முழுநீள விவரணப்படம் இது. படத்தின் பெயர், 2009 ஜனவரி தொடக்கம் மூன்று தடவை அறிவிக்கப்பட்ட பாதுகாப்பு வலயங்களைக் குறிக்கிறது. முதல் வலயம் சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பகுதி. இரண்டாவது புதுமாத்தளன் கடற்கரை. மூன்றாவது முள்ளிவாய்க்கால் மணல்திட்டு. ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒடுங்கியது.

கமெராவைப் பிடித்தவர் யார் என்ற கேள்விக்கு இப்படம் தரும் விடை அசாதாரணமானது. இதன் முக்கிய காட்சிகளில் நெறியாளரின் கமெரா இல்லை. பதுங்குகுழிக்குள்ளும் தறப்பாள் கொட்டிலுக்குள்ளும் இருந்தவர்கள் எடுத்தவை ஒரு பகுதி. வென்றவர்கள் தம் கைத்தொலைபேசியில் நினைவுப்பொருள் போல எடுத்துவைத்தவை இன்னொரு பகுதி. ஒருவர் முறைப்பாடாக எடுத்தார், மற்றவர் பெருமையாக எடுத்தார். இரண்டும் ஒரே படத்தில் வந்து சாட்சியாக மாறிவிட்டன. எடுத்தவரின் நோக்கத்தைக் காட்சி தாண்டிப் போய்விடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

படத்தின் ஆரம்பப் பகுதியில் கிளிநொச்சிக் காட்சி ஒன்று வருகிறது. 2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அலுவலர்கள் வெளியேறத் தயாராகிறார்கள். அலுவலகப் படலைக்கு வெளியே சனம் திரண்டு நின்று, போகவேண்டாம் என்று கேட்கிறது. இரத்தம் இல்லை, ஷெல் இல்லை. கம்பிப் படலை ஒன்று, அதற்கு இப்பாலும் அப்பாலும் மனிதர். முழுப்படத்திலும் ஆற்றல் மிக்க காட்சி இதுவே என்பது என் கணிப்பு. பின்னால் வரப்போகும் அத்தனைக்கும் சாட்சி இல்லாமற் போகப்போகிறது என்பதை அந்தச் சனம் அறிந்திருந்தது. பார்ப்பவர்கள் அதை அப்போதே உணர்கிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆங்கில வர்ணனைக் குரல் பல இடங்களில் காட்சியைப் பேசவிடுவதில்லை. ஒரு தாய் வீரிட்டழும்போது அவள் என்ன சொல்லி அழுகிறாள் என்பது தமிழ் தெரிந்தவருக்கு மட்டுமே கேட்கும். ஒப்பாரியில் பெயர் இருக்கிறது, முறை இருக்கிறது, ஊர் இருக்கிறது. வெளிநாட்டுப் பார்வையாளருக்கு அது வெறும் ஓலம். இங்கே ரைட்டின் உத்தி தலைகீழாகிவிடுகிறது. அங்கே காட்சியும் ஒலியும் ஒன்றையொன்று கேள்வி கேட்டன. இங்கே ஒன்றை மற்றது மூடிவிடுகிறது. மேலும், வன்னி மக்கள் இறக்கும்போது மட்டுமே அதிகம் தெரிகிறார்கள். அவர்கள் நெல் விதைத்ததும் பள்ளிக்கூடம் நடத்தியதும் ஒருவரோடொருவர் பிணங்கியதும் படத்தில் இல்லை. எனினும் நடுநிலை தவறிய படம் என்று இதனை ஒதுக்குவது நியாயமன்று. விடுதலைப் புலிகள் மக்களை வெளியேறவிடாது தடுத்தமையையும் இப்படம் சொல்லத் தவறவில்லை.

2011 ஆகஸ்டில் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சு சனல் 4 நிகழ்ச்சிக்கு மறுப்பாக ஒரு விவரணப்படத்தை வெளியிட்டது. 'லைஸ் எக்ரீட் அப்போன்' என்பது அதன் பெயர். ஒத்துக்கொள்ளப்பட்ட பொய்கள் என்று பொருள். அதிலும் பேட்டிகள் உண்டு, காட்சிகள் உண்டு, கம்பீரமான குரல் உண்டு. ஒரே கடற்கரை, ஒரே மாதங்கள், இரண்டு படங்கள். சாதாரணப் பார்வையாளர் எதை நம்புவது?

இங்குதான் தீர விசாரிப்பது என்ற பணி வருகிறது. 2009 ஆகஸ்டில் சனல் 4 வெளியிட்ட ஒரு கைத்தொலைபேசிக் காட்சியில், கைகள் கட்டப்பட்டு நிர்வாணமாக்கப்பட்டவர்கள் சுட்டுக்கொல்லப்படுகிறார்கள். அது போலியானது என அரசாங்கம் கூறியது. ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளராக இருந்த பிலிப் அல்ஸ்ரன் மூன்று நிபுணர்களிடம் அதனை ஒப்படைத்தார். ஒருவர் ஒளிப்பதிவுச் சோதனையாளர், ஒருவர் துப்பாக்கி நிபுணர், ஒருவர் தடயவியல் மருத்துவர். துப்பாக்கி பின்னுதைக்கும் விதம், குழல் வாயில் வெளிவரும் வாயு, உடல் விழும் முறை, குருதி வெளியேறும் தன்மை, படத்தில் வெட்டொட்டு உண்டா என்பவற்றையெல்லாம் அவர்கள் ஆராய்ந்தார்கள். காட்சி உண்மையானதாகவே தோன்றுகிறது என்ற முடிவை 2010 ஜனவரியில் அல்ஸ்ரன் வெளியிட்டார். விளங்கப்படுத்த முடியாத சில அம்சங்கள் இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. காட்சியில் பதிவாகியிருந்த தேதி 2009 ஜூலை என்றிருந்தது. போரோ மே மாதத்தில் முடிந்துவிட்டது. அதையும் வெளிப்படையாகச் சொல்லி, அது முடிவை மாற்றாது என்றும் சொன்னார்.

விளங்காதவற்றையும் சேர்த்துச் சொல்லும் சாட்சியமே நம்பத்தகுந்தது. பாதகமான விவரத்தை ஒளிக்கும் சாட்சியம் ஒரு நாள் அதனாலேயே உடைந்துபோகும். எமது துயரத்தைப் பதிவுசெய்ய விரும்பும் இளைஞர்கள் இதனைக் கருத்திற் கொள்ளவேண்டும்.

தாயின் சொல்லும் செய்தியின் சொல்லும்

நோர்வேயைச் சேர்ந்த பெயாட்டே ஆர்னஸ்டாட் 2007 இல் வெளியிட்ட 'மை டோட்டர் த டெரரிஸ்ட்' வன்னிக்குள் சென்று எடுக்கப்பட்ட விவரணப்படம். கரும்புலிகளான இரு இளம் பெண்களும் அவர்களுள் ஒருத்தியின் தாயும் அதில் வருகிறார்கள். படத்தின் தலைப்பையே ஒரு கவிதை போல வாசிக்கலாம். 'என் மகள்' என்பது தாயின் சொல். 'பயங்கரவாதி' என்பது செய்தியின் சொல். அவ்விரண்டு சொற்களுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளக்க முயல்வதே படம்.

அப்பெண்கள் சொல்லும் விடைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. இயக்கம் கற்பித்த வாசகங்கள். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை எந்த அச்சிலும் வார்த்ததல்ல. நெறியாளர் தீர்ப்பு வழங்கவில்லை என்பதற்காகச் சிலர் இப்படத்தைக் குறைகூறினர். என் அபிப்பிராயத்தில் அதுவே இதன் சிறப்பு. தீர்ப்பைப் பார்வையாளரிடம் விட்டுவிடும் படம் அவரை நித்திரை கொள்ளவிடாது.

இனி, எங்கள் மத்தியில் மிகுந்த சர்ச்சையை எழுப்பிய ஒரு படம். ஜூட் ரட்ணம் பத்து ஆண்டுகள் உழைத்து எடுத்த 'டீமன்ஸ் இன் பரடைஸ்' 2017 இல் கான் திரைப்பட விழாவில் விசேட காட்சியாகத் திரையிடப்பட்டது. 1983 ஜூலை வன்செயலின்போது சிறுவனாக ரயிலில் வடக்கே ஓடிவந்த தமிழர் அவர். இயக்கம் ஒன்றில் இருந்து, பின்னர் கனடா சென்ற தன் மாமனை மீண்டும் அழைத்து வந்து, அவர் நடந்த பாதையிலேயே நடக்க வைக்கிறார். சிங்கள வன்முறையில் தொடங்கும் படம், தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்த கதைக்குள் நுழைகிறது. வடக்கு நோக்கி ஓடும் ரயில் திரும்பத் திரும்ப வருகிறது. தப்பிக்கொண்டவர்களைச் சுமந்த ரயில் அது. பிற்காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குப் போன பாதையும் அதுதான்.

இப்படத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. இயக்கங்களுக்கிடையிலான கொலைகளை நெருங்கிநின்று பார்க்கும் நெறியாளர், 2009 இன் வன்னியை அதே நெருக்கத்தில் பார்க்கவில்லை. அந்தக் கடைசி மாதங்களைக் கடந்து வந்த ஒருவருக்கு இப்படம் பாதியில் நிற்பதாகவே தோன்றும். ஆனால் உடன்பாடின்மை ஒரு விடயம், மறைத்தல் வேறு விடயம். 2018 இல் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழாவின் நிரலில் இடம்பெற்றிருந்த இப்படம், எதிர்ப்புக் காரணமாக நிரலிலிருந்து விலக்கப்பட்டது.

இதற்கு எதிரே இன்னொரு சம்பவத்தை வைத்துப் பாருங்கள். மலேசியாவில் 2013 இல் 'நோ பயர் ஸோன்' படத்தைத் திரையிட்டமைக்காக லீனா ஹெண்ட்ரி என்ற மனித உரிமைப் பணியாளர் மீது வழக்குத் தொடரப்பட்டது. தணிக்கைச் சபையின் அனுமதி பெறவில்லை என்பது குற்றச்சாட்டு. 2017 இல் அவருக்கு 10,000 றிங்கிற் தண்டம் விதிக்கப்பட்டது. தமிழர் அல்லாத ஒரு நாட்டில், எங்கள் இறந்தவர்களைக் காட்டியதற்காக ஒரு பெண் நீதிமன்றம் ஏறினார். அதைப் போற்றிய நாம், எங்களுக்குக் கசப்பான ஒரு படத்தை எங்கள் ஊரிலேயே காட்டவிடாமல் தடுப்பது எவ்வாறு பொருந்தும்? ஒரு படத்துக்கு மறுப்பு இன்னொரு படமாகவோ ஒரு விமர்சனமாகவோ இருக்கவேண்டும். திரையைச் சுருட்டுவது மறுப்பாகாது.

கதைப்படம் புகும் இடம்

விவரணப்படம் கமெரா போன இடத்துக்கு மட்டுமே போகலாம். கமெரா போகாத இடத்துக்குப் போவது கதைப்படத்தின் வேலை.

பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' 1997 இல் எடுக்கப்பட்டது. வரண்ட வலயக் கிராமம் ஒன்று. கண் தெரியாத முதியவர். அவரது பெயரே வன்னிஹாமி. போருக்குப் போன மகன் முத்திரையிடப்பட்ட பெட்டியில் திரும்பி வருகிறான். திறந்து பார்க்க அனுமதியில்லை. மகன் இறந்துவிட்டான் என்பதை அம்முதியவர் ஏற்க மறுக்கிறார். நட்டஈட்டுப் பத்திரத்தில் கையொப்பமிட மறுக்கிறார். ஈற்றில் புதைகுழியைத் தோண்டிப் பெட்டியைத் திறக்கும்போது உள்ளே மகனின் உடல் இல்லை. ஜோ அபேவிக்ரமவின் நடிப்பு இந்நாட்டுத் திரைப்படத்தின் சிகரங்களுள் ஒன்று. 2000 ஆம் ஆண்டில் இப்படத்தின் திரையிடல் தடுக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் சென்றே அது மக்களை அடைந்தது.

இப்படத்தில் ஒரு தமிழ்ப் பாத்திரமும் இல்லாவிட்டாலும் வன்னியில் உள்ளவர்களுக்கு இதைவிட அண்மையான படம் வேறில்லை. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அது பரவி, ஆண்டுக் கணக்கில் நீடித்தது. விடை கிடைக்காமலே பல பெற்றோர் அதற்குள் இறந்துபோனார்கள். மரணச் சான்றிதழ் வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல் என்று அத்தாய்மார் கேட்டதும், வன்னிஹாமி கையொப்பமிட மறுத்ததும் ஒரே செயல். கண் தெரியாத அம்முதியவர் மற்றவர்கள் பார்க்க மறுத்ததைப் பார்த்தவர். இருபது ஆண்டுகளுக்கு முன்னே ஒரு சிங்களக் கலைஞரின் கற்பனை அதைத் தொட்டிருந்தது.

அதே நெறியாளரின் 'ஒப நத்துவ ஒப எக்க' 2012 இல் வந்தது. தொஸ்தொயெவ்ஸ்கியின் சிறுகதை ஒன்றைத் தழுவியது. அடகுக்கடை வைத்திருக்கும் முன்னாள் இராணுவத்தினன், வடக்கிலிருந்து வந்த செல்வி என்ற பெண்ணை மணக்கிறான். போர் படத்தில் ஒருபோதும் காட்டப்படவில்லை. ஆனால் கட்டில் ஓரத்திலும் சாப்பாட்டு மேசையிலும் அது உட்கார்ந்திருக்கிறது. 2014 இல் சென்னையில் எதிர்ப்புக்கு அஞ்சித் திரையரங்கு இப்படத்தை விலக்கிக்கொண்டமை வருந்தத்தக்கது. சிங்கள இனவாதத்தை உள்ளிருந்தே கேள்வி கேட்ட ஒரு படம், சிங்களப் படம் என்பதனாலேயே தண்டிக்கப்பட்டது.

அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' 2012 இல் தமிழ்மொழியிலேயே எடுக்கப்பட்டது. புனர்வாழ்வு பெற்று ஊர் திரும்பும் முன்னாள் போராளியாக தர்ஷன் தர்மராஜ் நடித்தார். 2022 இல் மறைந்த இந்த நடிகரின் முகம் அப்படத்துக்குப் பெரும் பலம். ஊர் அவனை வரவேற்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. வெறுமனே பார்க்கிறது. அந்தப் பார்வையைத் தாங்கிக்கொண்டு தெருவில் நடப்பது எப்படி என்பதைத் தர்மராஜின் தோள்கள் சொல்லுகின்றன. படத்தின் பிற்பகுதியில் கடத்தலும் துரத்தலும் புகுந்துவிடுவதால் அந்த மௌனம் கலைந்துபோகிறது. அது எனக்கு ஏமாற்றமே.

ஷோபாசக்தி நடித்து, ஜாக் ஓடியார் நெறியாள்கை செய்து, 2015 இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற 'தீபன்' இன்னொரு வகை. இறந்துபோன ஒருவரின் கடவுச்சீட்டைக் கொண்டு, முன்பின் அறியாத ஓர் ஆணும் பெண்ணும் சிறுமியும் குடும்பமாகிப் பிரான்ஸ் போகிறார்கள். ஆவணம் பொய். குடும்பம் மெல்ல மெல்ல மெய்யாகிறது. ஆவணப்படம் பற்றிப் பேசும் நமக்கு இது சிந்திக்க வேண்டிய கருப்பொருள். முதல் முக்கால் பங்கு மிக நுட்பமானது. இறுதியில் நாயகன் மீண்டும் ஆயுதம் ஏந்தி மாடிப்படி ஏறுவது, போராளி என்றால் போராளியேதான் என்ற ஐரோப்பியக் கற்பனைக்குப் பலியானது.

அண்மைக் காலத்தில் விசாகேச சந்திரசேகரம் எடுத்த 'மணல்' 2023 இல் ரொட்டர்டாம் விழாவில் விசேட நடுவர் விருதைப் பெற்றது. பிணையில் விடுவிக்கப்பட்ட முன்னாள் போராளி ருத்ரன், காணாமற்போன தன் காதலி வாணியைத் தேடுகிறான். இதற்கு முன் இவரே எடுத்த 'பாங்ஷு' என்ற படத்தில், ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் மகனைப் பறிகொடுத்த சிங்களத் தாய் ஒருத்தி நீதி தேடுகிறாள். இவ்விரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும். தெற்கின் தாயும் வடக்கின் காதலனும் ஒரே வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்.

சிலம்பு உடைந்த சபை

இவ்வளவு படங்களையும் வரிசைப்படுத்தும்போது ஓர் உண்மை உறுத்துகிறது. வன்னி மண்ணில் பிறந்து வளர்ந்தவர் எவரும் இவற்றின் நெறியாளர் அல்லர். பிரித்தானியர், நோர்வேஜியர், பிரெஞ்சுக்காரர், சிங்களவர், கொழும்பிலிருந்து ஓடிவந்த தமிழர் என்று எல்லோரும் உள்ளனர். போர்க்காலத்தில் 'நிதர்சனம்' ஒளிப்படைப்புகள் வன்னியில் வெளிவந்தன. 'ஒளிவீச்சு' என்ற சஞ்சிகை பார்வையாளருக்குப் பழக்கமானது. அங்கு தொழில்நுட்பம் கற்ற இளைஞர் பலர். ஆனால் அது இயக்கத்தின் பார்வை. அதில் ஐயத்துக்கும் முறைப்பாட்டுக்கும் இடமிருக்கவில்லை. 2006 இல் வன்னியில் படமாக்கப்பட்ட 'ஆணிவேர்' படத்தின் நெறியாளர் ஜோன் மகேந்திரனும் தமிழகத்தவரே.

பிறர் எங்கள் கதையைச் சொல்வது குற்றமன்று. அவர்களுள் சிலர் எங்களைவிட நேர்மையாகவும் சொல்லியிருக்கிறார்கள். ஆயினும் ஒரு பெண் அரிசி புடைக்கும்போது எவ்வாறு கதைப்பாள், தறப்பாளில் மழை விழும் ஓசை எவ்வாறு இருக்கும், குளக்கட்டில் நின்று மாலையில் எதைப் பார்ப்பார்கள் என்பன வெளியிலிருந்து வருபவருக்குப் பின்னணி. இங்குள்ளவருக்கு அதுவே கதை.

சாட்சியம் சொல்லும் கலை வன்னிக்குப் புதிதல்ல. முள்ளியவளையில் கோவலன் கூத்து ஆடப்பட்டு வந்திருக்கிறது. நந்திக்கடல் ஓரத்து வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரிகிறது. அக்கரையில்தான் முள்ளிவாய்க்கால். கண்ணகி பாண்டியன் சபையில் செய்தது என்ன? கணவன் கள்வன் அல்லன் என்று அவள் அழுது மட்டும் நிற்கவில்லை. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று கூறி, எல்லோர் கண்முன்னும் அதனை உடைத்துக் காட்டினாள். கண்ணீரும் தடயமும் ஒன்றாக அரசன் முன் வைக்கப்பட்டன. தடயம் இல்லாத கண்ணீரை அரசன் இரக்கத்தோடு அனுப்பி வைத்திருப்பான். கண்ணீர் இல்லாத தடயத்தை ஓர் ஏட்டில் குறித்து மூடியிருப்பான்.

நல்ல விவரணப்படத்துக்கும் நல்ல கதைப்படத்துக்கும் உள்ள உறவு இதுவே. ஒன்று தடயத்தைக் காக்கிறது. மற்றது அதன் பின்னே நிற்கும் மனிதரைக் காக்கிறது.

இடப்பெயர்வில் கலியாண அல்பங்களைக்கூட விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் எத்தனை! பிள்ளையின் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து, பிளாஸ்ரிக் உறையிட்டு, தெருவோரத்தில் ஏந்தியிருக்கும் தாயிடம் இருப்பது அந்த ஒரே ஆவணம். அதன் பின்னணியைக் கேட்டுப் பதிவுசெய்யப் பெரிய கமெரா தேவையில்லை. கைத்தொலைபேசி இன்று எல்லோர் கையிலும் உண்டு. தேவையானவை வேறு. குறுக்கிடாமல் கேட்கும் பொறுமை வேண்டும். பெயரையும் திகதியையும் இடத்தையும் தவறின்றிக் குறிக்கும் ஒழுங்கு வேண்டும். பேசுபவரின் சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும். எங்களுக்குப் பாதகமானதையும் வெட்டாமல் வைத்திருக்கும் துணிவு வேண்டும். பேசக்கூடிய முதியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். ஆகையால் இது நாளைக்கு என்று வைக்கக்கூடிய வேலையன்று.

பாடசாலைத் தமிழ் மன்றங்களும் சனசமூக நிலையங்களும் மாதம் ஒரு படமாவது திரையிட்டு, அதன்பின் அரை மணி நேரம் கலந்துரையாடினால், பார்ப்பவர்களும் உருவாவார்கள், எடுப்பவர்களும் உருவாவார்கள். தொடங்குவதற்கு 'புரஹந்த களுவர' பொருத்தமானது. படம் முடிந்ததும் யாராவது ஒருவர் எழுந்து, அந்தப் பெட்டியைத் திறக்க அவர் ஏன் அவ்வளவு காலம் எடுத்தார் என்று கேட்கட்டும். அங்கிருந்து பேச்சு தானாகவே வளரும்.